மசக்கை இல்லை மாமி!

மூன்று நாட்களாக சைனப்புக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மருமகள் ஆஷிகா வெளியிலிருந்து வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் ஓடி வாந்தி எடுத்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, தட்டிலிருந்த சோற்றை ஒதுக்கிவிட்டு எலுமிச்சை ஊறுகாயை மட்டும் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். நிக்காஹ் முடிந்து எட்டு மாதம். மூன்று பிள்ளை பெற்ற சைனப்புக்கு இதற்கு மேல் யாரும் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாடு போடும்போது கணவர் சேக் இஸ்மாயிலின் காதில் மட்டும் போட்டு வைத்தாள். டவுன்ஹால் ரோட்டில் சூட்கேஸ், டிராவல் பேக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்."

"நான் என்ன டமாரமா?" என்று ரோஷப்பட்டார்.

ஆஷிகா விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கியவள். பெண் கேட்கப் போனபோதே அது தெரிந்துதான் கேட்டார்கள். சேக் இஸ்மாயில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "பிள்ளை பிளேன் ஓட்டட்டும், தப்பில்ல. பஸ்ஸு மாதிரி நேரா போகணும், நேரா வரணும். டிவில காட்டுறாகளே, தலைகீழா குட்டிக்கரணம் போடுறது, அந்த ஜோலி மட்டும் நம்ம வீட்டுக்கு வேணாம்."

ஆஷிகாவும் அன்றைக்குத் தலையை ஆட்டினாள். இப்போது ஒரு விமானக் கம்பெனியின் தேர்வுக்குக் காத்திருக்கிறாள். அதற்காக இந்த வாரம் முழுக்க கே.கே. நகரில் இன்டர்வியூ வகுப்புக்குப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு.

வியாழக்கிழமை. விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போன சேக் இஸ்மாயில் இன்னும் திரும்பவில்லை. தொழுத விரிப்பை மடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்த சைனப், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை நடை நடந்துகொண்டிருந்த மருமகளைப் பார்த்துவிட்டாள்.

"எங்க கண்ணு, விடிஞ்சும் விடியாம?"

ஆஷிகா துள்ளி விழுந்தாள். "கிளாஸுக்கு மாமி. இன்னைக்குக் கடைசி நாளு. வெள்ளனா வரச் சொன்னாங்க."

"கிளாஸும் வேணாம், கிளிப்பிள்ளையும் வேணாம். இந்த நிலைமைல பஸ்ஸுல குலுங்கிக்கிட்டுப் போவியா? பேசாமப் போயிப் படு. இளநி வாங்கியாரச் சொல்றேன்."

"எந்த நிலைமைல மாமி?"

சைனப் கிட்டே வந்து மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "என்கிட்டயே மறைக்கிறியாக்கும்? மூணு நாளா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். மாஷா அல்லாஹ், வயிறு குளிர்ந்து போச்சு எனக்கு."

ஆஷிகாவுக்கு விஷயம் உறைத்தது. கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஆசிப் வாய் நிறைய நுரையோடு வந்து நின்றான். தல்லாகுளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் தன் மகன், மற்றவர்கள் வீட்டு நல்ல சேதியையெல்லாம் முதலில் தெரிந்துகொள்கிறவன், சொந்த வீட்டுச் சேதி தெரியாமல் முழிக்கிறானே என்று சைனப்புக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நேற்று கோரிப்பாளையம் மருந்துக் கடையில், 'யாருக்கும்மா?' என்று கேட்டவரை முறைத்துவிட்டு வாங்கிய கர்ப்பப் பரிசோதனை அட்டை அது.

"போ. பாத்துட்டு வா. அப்புறம் பேசுவோம்."

மறுத்துப் பேச ஆஷிகாவுக்குத் தெம்பில்லை. போனாள். சற்று நேரத்தில் வந்து கையை நீட்டினாள்.

"ஒரு கோடு இருக்கே!" சைனப்பின் முகம் மலர்ந்தது.

"ஒரு கோடுன்னா இல்லைன்னு அர்த்தம்மா," என்றான் ஆசிப் மெதுவாக. "ரெண்டு கோடு வரணும்."

சைனப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுதான்.

"அப்ப... வாந்தி?"

மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மசக்கை இல்லை மாமி," என்றாள் ஆஷிகா. "நான் கிளாஸுக்கும் போகலை. டி. கல்லுப்பட்டி தாண்டி ஒரு தனியார் ரன்வே இருக்கு. அங்கன ஒரு சின்ன பிளேன்ல, விழுந்து எந்திரிக்கப் படிக்கிறேன்."

"என்னது?"

"பிளேன் கட்டுப்பாடு தப்பி, சுத்திக்கிட்டே கீழ விழுதுன்னு வைங்க. அதை நிப்பாட்டி, திரும்ப நேரா கொண்டுவர்ற பயிற்சி. வேணும்னே விழ வைப்பாங்க. தலைகீழா திருப்புவாங்க. கரணம் எல்லாம் போடணும். வயித்தைப் பொரட்டிரும். அதான்."

சைனப் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக மனசுக்குள் தூக்கி வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நொடியில் இல்லாமல் போய்விட்டது. அதை நினைத்து வருத்தப்படக்கூட அவகாசம் தராமல் இது வேறு.

"உனக்கும் தெரியுமாடா?"

ஆசிப் தலையைக் குனிந்தான். "நான்தான்மா தினமும் பஸ்ஸு ஏத்திவிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க மாமாகிட்ட சொல்லிருவீங்க," என்றாள் ஆஷிகா.

அது உண்மையாக இருந்ததால் சைனப்புக்குக் கோபம் கூடியது. "ஒண்ணும் போக வேணாம். இன்னையோட முடிஞ்சுச்சு."

"இன்னைக்கோட முடிஞ்சுதான் போகும் மாமி. மூணு நாளா போறேன், எனக்கு வரலை. இன்னைக்கும் வரலைன்னா, சொல்லிக்குடுக்குற கேப்டன் முடிச்சதுக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க."

"போடாட்டிப் போகட்டும். அதான் லைசென்ஸு இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா விழுந்தா எந்திரிக்கத் தெரியாது."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. பிறந்த வீட்டை விட்டு வந்த அன்றைக்குக்கூட அழாத பெண். சைனப் அவளையே பார்த்தாள். அப்புறம் எழுந்தாள்.

"இரு. புர்காவை மாட்டிக்கிட்டு வாரேன்."

"எதுக்கு மாமி?"

"நானும் வாரேன். என்னத்தத்தான் பண்றீங்கன்னு பாக்குறேன்."

"அம்மா, உனக்குப் பஸ்ஸுல போனாலே தலை சுத்தும்," என்றான் ஆசிப்.

"நான் என்ன பிளேன்லயா ஏறப்போறேன்? வண்டியை எடுடா."

ஆசிப் கொண்டுபோய் விட, மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ் கிடைத்தது. சைனப் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திருப்பரங்குன்றம் தாண்டியது. பிறகு ஆஷிகாதான் ஆரம்பித்தாள், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே.

"படிக்கிறப்ப, கடைசி மாசம். தனியா ஓட்டிக்கிட்டு வாரேன். இறங்குறதுக்குத் திரும்பணும். கொஞ்சம் லேட்டாத் திரும்பிட்டேன். அதைச் சரிக்கட்டுறேன்னு இன்னும் இறுக்கித் திருப்பினேன். ஒரு பக்கத்து இறக்கை பொசுக்குன்னு கீழ போச்சு. கண்ணாடி முழுக்க வயக்காடு."

சைனப் அவள் கையைப் பிடித்தாள்.

"அப்ப என்ன செய்யணும்னு புத்தகத்துல படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கேன். ஆனா நான் என்ன பண்ணேன் தெரியுமா? பிளேனை ஓட்டுற ஸ்டிக்கை நெஞ்சோட இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன். இழுக்கவே கூடாது மாமி. இழுத்தா செத்தோம்."

"அப்புறம்?"

"கை தளர்ந்துச்சா, காத்து அடிச்சுச்சா, இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அதுவா நிமிர்ந்துச்சு. இறங்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லலை. கல்யாணத்துக்கு அப்புறம் அவருகிட்ட மட்டும் சொன்னேன்." மாமி பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். நாளைக்கு வேலை கிடைச்சா பின்னாடி நூத்தியெம்பது பேரு உக்காந்திருப்பாங்க. உங்களை மாதிரி, மாமாவை மாதிரி. அப்பவும் நான் ஸ்டிக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா?"

சைனப் பைக்குள் சில்லறையைத் தேடினாள். திருமங்கலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு சுக்குக் காபி வாங்கி மருமகளிடம் கொடுத்தாள்.

"வெறும் வயித்தோட சுத்தாத," என்றாள்.

கல்லுப்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவே கரிசல் மண்ணில் கோடு கிழித்தது மாதிரி ஒரு ஓடுதளம். ஓரமாக ஒரு தகர ஷெட். அதற்குள் நின்ற மஞ்சள் விமானத்தைப் பார்த்ததும் சைனப் அப்படியே நின்றுவிட்டாள். ஆட்டோவுக்கு இறக்கை வைத்தது மாதிரி இருந்தது அது.

கேப்டன் சரண்யாதேவிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெட்டிய முடி, முதுகில் பாராசூட் மூட்டை. சைனப் சலாம்கூடச் சொல்லாமல் நேரே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, நல்லா பறக்குற பிளேனை எதுக்கு வேணும்னே விழ வைக்கிறீங்க?"

சரண்யாதேவி சிரித்தாள். "பெரிய பிளேனு இப்படிக் கட்டுப்பாடு தப்புறது ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. ஆனா தப்பிச்சுன்னா, உக்காந்து யோசிக்க நேரம் இருக்காது. அதை உங்க மருமக முதமுதல்ல பாக்குற நாளு, ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போற நாளா இருக்கக் கூடாதுல்ல? இங்கன பாக்கட்டும். ஆறாயிரம் அடி உசரத்துல, நான் பக்கத்துல இருக்கேன், முதுகுல பாராசூட் இருக்கு. பத்துத் தடவை விழட்டும். பயம் பழகட்டும்." குரலைத் தாழ்த்தினாள். "நல்ல கையும்மா அவளுக்கு. அந்த ஒரு நொடிதான். உறைஞ்சு போயிடுறா."

விமானம் கிளம்பியது. ஷெட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கொடுத்த மெக்கானிக் காளை, எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றார்.

"மூணு சுத்துதாம்மா கணக்கு," என்றார். "மூணு சுத்துக்குள்ள நின்னா நம்ம பொண்ணு நிப்பாட்டுதுன்னு அர்த்தம். மூணைத் தாண்டுச்சுன்னா கேப்டன் ஸ்டிக்கை வாங்கிக்கிருவாங்க. அப்படித்தான் பேசி வச்சிருக்காங்க."

மேலே, ஒரு கொசு அளவுக்குச் சிறுத்துப்போன விமானத்தின் சத்தம் அடங்கியது. அது ஒரு கணம் சும்மா நின்றது மாதிரி இருந்தது. பிறகு ஒரு இறக்கை சரிந்தது. மூக்கு பூமியைப் பார்க்கத் திரும்பியது. சுற்ற ஆரம்பித்தது.

"யா அல்லாஹ்!" சைனப் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணு," என்றார் காளை. "ரெண்டு. மூணு."

நாலாவது சுற்றும் வந்தது. அதன் பாதியில் விமானம் நின்று, வழுக்கிக்கொண்டு வந்து, நிமிர்ந்தது.

"கேப்டன்," என்றார் காளை.

மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. மறுபடியும் கேப்டன். மூன்றாவது தடவையும் அதேதான். சைனப் ஓதிக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், முடியவில்லை. தான் பார்க்காத நேரத்தில் அந்தப் பிள்ளை விழுந்துகொண்டிருப்பது அதைவிட மோசமாகத் தோன்றியது.

இறங்கியதும் ஆஷிகா ஷெட்டுக்குப் பின்னால் ஓடினாள். சைனப் பின்னாலேயே ஓடி, குனிந்து நின்றவளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, தன் துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் அங்கேயே ஒரு காலி டீசல் பீப்பாயின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"வரலை மாமி. கை இழுத்துக்கிருது."

"ஏன் இழுக்குது?"

"பூமி மேல ஏறி வர்ற மாதிரி இருக்கு. இழுத்தா மேல போயிரலாம்னு கைக்குத் தோணுது."

"கை சொல்றது நியாயந்தான? கீழ போனா மேல இழுக்கணும்."

"இல்ல மாமி." ஆஷிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த நேரத்துல இறக்கைக்குக் காத்துல பிடிப்பு இருக்காது. மழைல சேத்துல வண்டி வழுக்குறப்ப பிரேக்கை இறுக்கிப் பிடிச்சா என்னாகும்?"

"உங்க மாமா ஒருக்கா பிடிச்சாரு. தல்லாகுளம் பெருமாள் கோயில் முன்னாடி ஆளு தனியா வண்டி தனியா கிடந்தாரு."

ஆஷிகாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "அதேதான். இழுக்க இழுக்க இறக்கைக்குப் பிடிப்பு வரவே வராது. மூக்கைக் கீழ தள்ளணும். தள்ளுனா வேகம் வரும், காத்து இறக்கை மேல ஒழுங்கா ஓடும், பிடிப்பு வரும். அதுக்கப்புறந்தான் மெதுவா மேல எடுக்கணும்."

"விழுறவளை இன்னும் கீழ தள்ளணுமாக்கும்!"

"ஆமா."

"சரி, என்னென்ன செய்யணும்? வரிசையாச் சொல்லு."

ஆஷிகா இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தாள். நூறு தடவை மனப்பாடம் செய்தது.

"எனக்கு என்னத்தப் புரிஞ்சுச்சு? தமிழ்ல சொல்லு."

ஆஷிகா வாயைத் திறந்து, மூடினாள். விமானம் ஓட்டப் படித்த இத்தனை நாளில் இதைத் தமிழில் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள். "முதல்ல இன்ஜின் வேகத்தைக் குறைக்கணும். ஸ்டிக்கைப் பக்கவாட்டுல சாய்க்காம நேரா வைக்கணும். எந்தப் பக்கம் சுத்துதோ அதுக்கு எதிர்ப்பக்கத்துக் காலை அழுத்தி மிதிக்கணும். கடைசியா ஸ்டிக்கை முன்னால தள்ளணும்."

"இம்புட்டு நீளமா சொல்லி முடிக்கிறதுக்குள்ள தரைக்கு வந்துருவியே. சுருக்கு."

"குறை. நேர். எதிர்க்கால். தள்ளு."

சைனப் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "நேர், குறை, தள்ளு..."

"மாமி, நீங்க செத்துட்டீங்க."

"அட போடி!"

அன்றைக்கு முதல் தடவையாக ஆஷிகா வாய்விட்டுச் சிரித்தாள். சைனப் விடவில்லை. நாலையும் வரிசையாகத் தனக்குச் சொல்ல வருகிறவரை மருமகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மாமிக்குப் புரியவைக்க வேண்டுமே என்று ஆஷிகா காலையும் கையையும் ஆட்டி நடித்துக் காட்டினாள். கை ஒவ்வொரு தடவையும் முன்னால் போனது.

"போலாமா?" என்று சரண்யாதேவி வந்து நின்றாள்.

இந்தத் தடவை சைனப் நாற்காலியில் உட்காரவில்லை. விமானம் மேலே போய்ச் சிறுத்து, சத்தம் அடங்கி, சரிந்தது.

"ஒண்ணு," என்றார் காளை. "ரெண்டு."

நின்றுவிட்டது.

மூக்கு கீழே பார்த்தபடி ஒரு மூச்சு நேரம் விழுந்து, பிறகு வளைந்து, அழகாக மேலே ஏறியது. காளை எண்ணெய்த் துணியைத் தூக்கி எறிந்தார். "நம்ம பொண்ணும்மா! நம்ம பொண்ணு!"

"ஒருக்கா வந்தா போதுமா?" என்றாள் சைனப்.

போதாது என்பது மாதிரி விமானம் மறுபடி ஏறி, இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றி விழுந்தது. ஒன்றரைச் சுற்றில் நின்றது. அடுத்தது இரண்டில். அதற்கடுத்தது ஒன்றில். பிறகு முழுசாக ஒரு கரணம் போட்டு, தலைகீழாகப் போய் நிமிர்ந்தது. சேக் இஸ்மாயில் மட்டும் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அந்த நேரத்திலும் சைனப்புக்கு ஒரு நினைப்பு வந்து போனது. அவள் ஷெட்டிலிருந்து எப்போது நடக்க ஆரம்பித்தாளோ தெரியாது, ஓடுதளத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டிருந்தாள். காளைதான் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போனார்.

இறங்கி ஓடிவந்த ஆஷிகா மாமியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடியே உதறிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் ஓடினாள்.

"நாலு தடவையும் நான் கையே வைக்கலைம்மா," என்றாள் சரண்யாதேவி, காதைத் தடவிக்கொண்டே. "என்னமோ தமிழ்ல கத்துனா பாருங்க, என் காது ரெண்டும் போச்சு."

மேஜை மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தேர்வில் என்ன கேட்பார்களோ, வேலை கிடைக்குமோ கிடைக்காதோ. அந்தத் தாளை ஆஷிகா இரண்டாக மடித்து மாமியின் பையில் வைத்தாள்.

ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போதுதான் சைனப் பையிலிருந்து போனை எடுத்தாள். தொழுகைக்காகச் சத்தத்தை நிறுத்தியது, அப்படியே இருந்தது. இருபத்து மூன்று அழைப்புகள். கணவரிடமிருந்து பதினொன்று. அவருடைய அக்காவிடமிருந்து ஆறு.

ஆசிப்பைக் கூப்பிட்டாள்.

"எங்கம்மா இருக்க? அத்தா கடையைச் சாத்திட்டு வந்துட்டாரு. வீடு நிறைய ஆளு. பெரியத்தை வந்து பாயாசம் காச்சிக்கிட்டு இருக்காக. ஆஷிகா வீட்டுக்கும் சொல்லியாச்சு. நேத்தே அத்தா பள்ளிவாசல்ல சொல்லிட்டாராம்மா!"

"நீ உண்மையைச் சொல்லலையாடா?"

"அத்தா மூஞ்சியைப் பாத்தேன். எனக்கு வாய் வரலை."

திரும்பும் பஸ்ஸில் ஆஷிகா, "நானே சொல்லிர்றேன் மாமி," என்றாள்.

"வானத்துல நீ பாத்துக்கிட்ட. வீட்டுல நான் பாத்துக்கிறேன்," என்றாள் சைனப். சொன்னாளே தவிர, கோரிப்பாளையம் வருகிறவரை கைக்குட்டையை முறுக்கிக்கொண்டேதான் வந்தாள்.

வாசல் நிறையச் செருப்பு. உள்ளே நுழைந்ததும் நாத்தனார் கிண்ணத்தில் சர்க்கரையோடு எழுந்து வந்தார். ஆஷிகாவின் வாய்க்கு நேரே நீண்ட ஸ்பூனை சைனப் மணிக்கட்டோடு பிடித்து நிறுத்தினாள்.

"மச்சி, கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் கேட்டுக்கங்க. என் மருமக உண்டாகலை. அது என் தப்பு. வாந்தியைப் பாத்து நானா முடிவு பண்ணி, இவருகிட்டச் சொல்லிட்டேன். அவ பிளேனு விழுந்தா நிமித்துற படிப்புப் படிச்சிருக்கா. தலைகீழா சுத்துனதுல வந்த வாந்தி அது. இன்னைக்கு என் கண்ணால பாத்தேன். நாலு தடவை விழுந்து நாலு தடவையும் நிமித்திட்டா."

சைனப் நாத்தனாரின் மணிக்கட்டை விட்டாள்.

சேக் இஸ்மாயில் சுவரோரம் நின்றிருந்தார். ஆஷிகாவைப் பார்த்தார். தலையைக் குனிந்து நின்ற மகனைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"அப்ப, எனக்கு மட்டுந்தான் தெரியாது," என்றார்.

கத்தியிருந்தால் சைனப் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் திரும்பிக்கொண்டார். மாடிப்படி ஏறினார். மேலே கதவு தாழிடும் சத்தம் கேட்டது.

நாத்தனார் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றார். சைனப் தன்னைச் சுதாரித்துக்கொண்டாள். "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க? பாயாசம் ஆறுது. என் மருமக ஜெயிச்சுட்டு வந்திருக்கா, அதுக்குச் சாப்பிடுங்க."

நாத்தனார்தான் ஆஷிகாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தலைகீழாவா சுத்துன?" என்று கேட்டார். அவள் ஆமென்று தலையசைத்ததும், அந்தச் சர்க்கரையை அப்படியே அவள் வாயில் போட்டார். "இனிமே சொல்லிட்டுச் சுத்து," என்றார்.

கிண்ணங்கள் நகர ஆரம்பித்தன. சைனப் படிக்கட்டை நோக்கி நடந்தாள். முதல் படியில் கால் வைத்தபோது ஆஷிகா வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"நீங்க இருங்க மாமி."

"வேணாம் கண்ணு. அவரு இப்ப..."

"பொய் சொன்னது நான். போய் நிக்க வேண்டியதும் நான்தான்."

அவள் ஏறிப்போவதை சைனப் கீழேயிருந்தே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"மாமா, ஆஷிகா வந்திருக்கேன்."

ஆசிப்பும் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றான். மறுபடி தட்டும் சத்தம். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

"உள்ள வா," என்றது சேக் இஸ்மாயிலின் குரல். "கதவைச் சாத்திட்டு வா."

முப்பது வருஷமாக அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவளுக்கே, அதில் இருப்பது கோபமா அழுகையா என்று பிடிபடவில்லை.